தண்ணியை வரையறவங்க யாரு யாரு? சித்தூர் புழைக்கரையில இருந்து ஒரு நீளமான பதில்

கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி கேட்டிருந்தாங்க. ஃபைன் ஆர்ட்ஸ் கடைசி வருஷம் படிக்கறாங்களாம், ஃபைனல் புராஜெக்டுக்கு தண்ணியை சப்ஜெக்டா எடுத்திருக்காங்களாம். "இப்ப காலத்து பெயிண்டர்கள்ல தண்ணியை வெச்சு வேலை செஞ்சவங்க யாருங்ண்ணா, யாரோடதை பார்க்கணும்? நான் எத்தனை தடவை வரைஞ்சாலும் நீல பெயிண்ட் அடிச்ச சிமெண்ட் தரை மாதிரியே வருது"ன்னு கேட்டாங்க. இருபத்தஞ்சு வருஷமா நானும் பாலக்காடு மாவட்டத்துல இந்த வண்ணாமடை, மூலத்தறை, சித்தூர் பக்கம் தான் ஸ்கெட்ச் புக்கோட சுத்திக்கிட்டு இருக்கேன், அதுனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த நீலத்தை பேசி முடிச்சிடலாம். நான் படிக்கும்போது ஒரு வாத்தியார் தண்ணின்னா செருலியன் ப்ளூ, கீழ கொஞ்சம் அல்ட்ராமரீன், நடுவுல வெள்ளை கோடு நாலுன்னு சொல்லிக் கொடுத்தாரு, அதை மறக்கறதுக்கு எனக்கு பத்து வருஷம் ஆச்சு. ரொம்ப ஆழமான சுத்தமான தண்ணி வெளிச்சத்துல இருக்கற சிவப்பை உறிஞ்சிக்கும், அதனால லேசா நீலமா தெரியும், அது நடுக்கடலுக்கு சரி. நம்ம புழையில, அதாவது ஆத்துல, முழங்கால் அளவு தண்ணிக்கு அந்த நீலம் எங்கிருந்து வரும்? நீங்க பார்க்கறது பாதி வானம், பாதி அடியில கெடக்கற மணலும் பாசியும். ஒரு கொளத்துக்கரையில நின்னு உங்க கால்கிட்ட நேரா கீழ பாருங்க, தண்ணி மேல படற வெளிச்சத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு தான் திரும்பி வருது, மீதி உள்ள போயிடுது, அதனால அடி தெரியும், மீன் தெரியும். அப்படியே பார்வையை அக்கரைக்கு கொண்டு போங்க, சாய்வா பார்க்க பார்க்க தண்ணி கண்ணாடியா மாறிடும், அடி மறைஞ்சு வானம் மட்டும் நிக்கும். ஒரே கொளத்துல ரெண்டு தண்ணி. இந்த மாற்றத்தை ஒரு வாஷ்ல, அதாவது தண்ணியா கரைச்ச ஒரு கலர் பூச்சுல, காட்டிட்டீங்கன்னாவே சிமெண்ட் தரை போயிடும். நீலமே தொடாம வெறும் பழுப்பும் சாம்பலும் வெச்சு செஞ்சாலும் தண்ணியா தெரியும், செஞ்சு பாருங்க.

இப்ப ஓவியர்களுக்கு வர்றேன். நான் கவனிச்ச வரைக்கும் தண்ணியை நல்லா வரைஞ்ச யாருமே பொத்தாம்பொதுவா 'தண்ணி'யை வரையல. தண்ணி செய்யற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கிட்டாங்க. தெறிக்கறது, விழுகறது, எதிரொளிக்கறது, மூடறது, வராம போறது, இப்படி ஏதாவது ஒண்ணு. அதுவும் எந்த ஊர் தண்ணின்னு அவங்களுக்கு தெளிவா தெரிஞ்சிருந்தது.

டேவிட் ஹாக்னியை எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அவருல இருந்து தான் ஆரம்பிக்கறேன், காரணம் இருக்கு. 1937ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுல பிறந்தவரு, மேகமும் குளிரும் பார்த்து வளர்ந்தவரு, 1964ல லாஸ் ஏஞ்சல்ஸ் போறாரு. அங்க வீட்டுக்கு வீடு நீச்சல் குளம், நாள் பூரா வெயில். அந்த வெயில்ல அசையற தண்ணியை எப்படி அசையாத கேன்வாஸ்ல நிறுத்தறதுங்கறது தான் பல வருஷத்துக்கு அவரோட கணக்கு. 1967ல வரைஞ்ச 'எ பிக்கர் ஸ்பிளாஷ்', கிட்டத்தட்ட எட்டடிக்கு எட்டடி, லண்டன் டேட் மியூசியத்துல இருக்கு. ஒரு டைவிங் போர்டு, பின்னாடி ஒரு வீடு, ரெண்டு பனை மாதிரி மரம், நடுவுல ஒரு தெறிப்பு. குதிச்ச ஆளு படத்துல இல்ல, உள்ள போயிட்டாரு. வானம், குளம், சுவர் எல்லாம் ரோலர் வெச்சு ஃப்ளாட்டா அடிச்சது. அந்த தெறிப்பை மட்டும் சின்ன சின்ன பிரஷ் எடுத்து கிட்டத்தட்ட ரெண்டு வாரம் உக்காந்து வரைஞ்சிருக்காரு. நெஜத்துல ரெண்டு செகண்டுல முடிஞ்சு போற விஷயத்துக்கு ரெண்டு வாரம்! நான் இதை முதல்ல ஒரு பழைய புஸ்தகத்துல கையளவு அச்சுல தான் பார்த்தேன், அதுலயே அந்த வெள்ளை கோடுங்களோட பொறுமை தெரிஞ்சது, ஒவ்வொரு கோடும் தனித்தனியா யோசிச்சு போட்டது, எதுவும் கை தவறி விழுந்தது கெடையாது.

அவரோட 1972 படம் ஒண்ணு, குளத்துக்கு அடியில ஒருத்தர் நீந்தறாரு, கரையில பிங்க் கோட் போட்ட ஒருத்தர் குனிஞ்சு பார்க்கறாரு, அது 2018ல ஏலத்துல 90.3 மில்லியன் டாலருக்கு போச்சு, அன்னைக்கு உயிரோட இருக்கற ஓவியர்கள்ல அது தான் பெரிய விலை. விலையை விடுங்க. உங்களுக்கு வேண்டியது அந்த குளத்துக்கு மேல ஓடற வளைவு வளைவான வெளிச்ச கோடு. வெயில் அலை மேல பட்டு வளைஞ்சு அடியில வலை மாதிரி விழுகும் பாருங்க, நம்ம வாய்க்கால்ல தெளிஞ்ச தண்ணி போகும்போது மணல் மேல ஓடுமே, அதே வலை தான். அந்த காலத்துல அவரு இன்னொரு வேலையும் பண்ணாரு, அக்ரிலிக்கை ரொம்ப தண்ணியா கரைச்சு, கூட கொஞ்சம் டிடர்ஜெண்ட் சேர்த்து, பிரைமர் அடிக்காத கேன்வாஸ்ல ஊற விட்டாரு. தண்ணியை வரைய தண்ணியையே வேலை செய்ய விட்டாருன்னு வெச்சுக்குங்க. 1978ல 'பேப்பர் பூல்ஸ்'னு ஒரு வரிசை, அதுல பிரஷ்ஷே பெரும்பாலும் இல்ல, கலர் கலந்த காகித கூழை அச்சுல ஊத்தி செஞ்சது, ஈரம் காய்ஞ்சு போன பிறகு தான் அது படமாகும்.

விஜா செல்மின்ஸ் நேர் எதிர். ரீகாவுல பிறந்து அமெரிக்காவுக்கு போனவங்க. கலிஃபோர்னியாவுல வெனிஸ்னு ஒரு கடற்கரை ஊர், அங்க கடல்பாலத்து மேல நின்னு கடலை போட்டோ எடுத்து, 1968ல இருந்து அந்த போட்டோக்களை வெச்சு வெறும் பென்சில்ல கடல் மேல்பரப்பை வரைய ஆரம்பிச்சாங்க. கரை இல்ல, படகு இல்ல, தொடுவானம் கூட இல்ல, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் அலை மட்டும். ஹாக்னிகிட்ட தண்ணி ஒரு சம்பவம், இவங்ககிட்ட தண்ணி ஒரு தரை, ஒரு துணி நெசவு மாதிரி. பார்க்கறப்போ கண்ணுக்கு நிக்க எடமே கெடைக்காது. நீங்க பென்சில்ல நல்லா வேலை செய்வீங்கன்னா இவங்களை தான் முதல்ல பார்க்கச் சொல்லுவேன், ஏன்னா நீலத்துக்கு இங்க வேலையே இல்ல.

அதே காலத்துல ஜெர்மனியில கெர்ஹார்ட் ரிக்டர் கடல் படங்கள் வரைஞ்சிருக்காரு. 1970ல ஒண்ணுல கீழயும் கடல், மேல வானம் இருக்க வேண்டிய எடத்துலயும் கடல், ரெண்டு போட்டோவை ஒட்ட வெச்சு வரைஞ்சது. கொஞ்ச நேரம் மேகம்னு நெனைச்சு பார்த்துட்டு இருப்பீங்க, அப்புறம் தான் வயித்துல ஒரு கலக்கம் வரும்.

விழுகற தண்ணிக்கு ரெண்டு பேரு. அமெரிக்காவுல பாட் ஸ்டியர், 1980கள் கடைசியில இருந்து அருவி படங்கள். ஏணி மேல ஏறி நின்னு பெரிய கேன்வாஸோட உச்சியில பெயிண்டை வழிய விடுவாங்க, அப்புறம் அது தானா கீழ எறங்கும். அருவியை எது கீழ இழுக்குதோ அதே தான் பெயிண்டையும் இழுக்குது, அதனால அது அருவி மாதிரி வரைஞ்சதுன்னு சொல்ல முடியாது, சின்னதா ஒரு அருவியே தான். ஜப்பான்ல ஹிரோஷி சென்ஜு, அவரும் மேல இருந்து ஊத்தறவரு தான், ஆனா அந்த ஊர் பழைய முறையில, கல்லை பொடிச்ச நிறம், கையால செஞ்ச வாஷி காகிதம். 1995ல இத்தாலி வெனிஸ்ல நடந்த பியன்னாலேங்கற பெரிய கலைக் கண்காட்சியில அவரோட அருவிக்கு சிறப்பு பாராட்டு கெடைச்சது. ஒரு தடவை மழைக்காலத்துல மலம்புழாவுல இருந்து மலையை பார்த்தீங்கன்னா தூரத்துல வெள்ளை நூல் நூலா அருவி தொங்கும் பாருங்க, சத்தமே கேக்காது, அந்த அமைதி சென்ஜு படத்துல இருக்கு.

இங்கிலாந்துல மேகி ஹாம்ப்ளிங், 2002ல இருந்து வட கடல் அலையை விடாம வரையறவங்க, அவங்க ஊர் சஃபக் கரையை கடல் வருஷா வருஷம் தின்னுக்கிட்டு இருக்கு, அந்த கோபம் பிரஷ்ல இருக்கும். ரான் ஆர்ட்னர்னு ஒருத்தர் ஆயில்ல ஆளை முழுங்கற அளவு அகலமா கடல் வரைஞ்சு 2009ல மிச்சிகன்ல ஆர்ட்பிரைஸ் வாங்கினாரு. ஸாரியா ஃபார்மன் விரலால பேஸ்டல் தேய்ச்சு பனிப்பாறையும் கடலும் வரையறவங்க. திறமையெல்லாம் பெருசு தான், ஆனா போட்டோ மாதிரியே இருக்குங்கற ஆச்சரியத்தை தாண்டி என்னால இந்த கடைசி ரெண்டு பேருகிட்ட ரொம்ப நேரம் நிக்க முடியல, உங்களுக்கு வேற மாதிரி தோணலாம்.

பீட்டர் டாய்கை கண்டிப்பா பாருங்க. டிரினிடாட்லயும் கனடாவுலயும் வளர்ந்தவரு. 1990, 91ல வரைஞ்ச 'ஸ்வாம்ப்ட்', 'வைட் கனூ' ரெண்டுலயும் ஒரு ஏரி, ராத்திரி மாதிரி இருட்டு, ஒரு வெள்ளை தோணி, அதோட பிம்பம் தண்ணியில. மேல இருக்கறதை விட கீழ இருக்கற எதிரொளிப்பு தான் கனமா இருக்கும், எது கரை எது பிம்பம்னு பிரிக்க முடியாது. எங்க ஊர்ல பாசி புடிச்ச பெரிய ஏரிங்க இருக்கு பாருங்க, பொழுது சாயற நேரம் கரையில பனைமரம் தலைகீழா நிக்கும், அதை வரைய எனக்கு தைரியம் கொடுத்தது டாய்க் தான்.

எதிரொளிப்புன்னதும் டெக்னிக் ஒண்ணு சொல்லிடறேன், இதுல தான் எல்லா ஸ்டூடண்டும் தப்பு பண்றாங்க. பிம்பம்ங்கறது மேல இருக்கற படத்தை அப்படியே கவுத்து போட்டது கெடையாது. நீங்க தண்ணிக்கு எவ்வளவு மேல நிக்கறீங்களோ அவ்வளவு கீழ, தண்ணிக்கு அடியில இன்னொருத்தர் நின்னு பார்த்தா என்ன தெரியுமோ அது தான் பிம்பம். அதனால பாலத்தை வரைஞ்சீங்கன்னா மேல பாலத்தோட பக்கவாட்டு தெரியும், தண்ணியில அதோட அடிப்பாகம் தெரியும், அந்த கரி புடிச்ச அடிப்பாகம் உங்க நேர் கண்ணுக்கு தெரியவே தெரியாது. அப்புறம் வெளிச்சமான பொருளோட பிம்பம் ஒரு படி மங்கும், இருட்டான பொருளோட பிம்பம் ஒரு படி வெளுக்கும். காத்து லேசா அடிச்சா பிம்பம் உங்களை பார்த்து நீளமா இழுபடும், அகலமா பரவாது. நிழல் வேற, பிம்பம் வேற. தெளிஞ்ச தண்ணி மேல மரத்து நிழல் சரியா விழாது, உள்ள எறங்கிடும், கலங்கின தண்ணி மேல தான் நிழல் நல்லா உக்காரும். ஆடி மாசம் புழையில செம்மண் தண்ணி வரும்போது பாருங்க, தென்னை நிழலு பழுப்பு துணி மேல விழுந்த மாதிரி கிடக்கும். அந்த செந்தண்ணிக்கு பர்ன்ட் சியன்னாவும் துளி அல்ட்ராமரீனும் போதும், மேல வானம் படற எடத்துல மட்டும் வெளுத்த ஊதா சாம்பல்.

சரி, இப்ப எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயத்துக்கு வர்றேன். கலிடா ரால்ஸ்னு லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒருத்தங்க, 1976ல பிறந்தவங்க. கருப்பின பெண்களும் பிள்ளைங்களும் வெள்ளை உடுப்போட தண்ணியில மெதக்கற மாதிரி பெரிய அக்ரிலிக் படங்கள். பார்த்தவுடனே அழகு, ரொம்ப அமைதி. ஆனா அந்த நாட்டுல கருப்பினத்தவங்களை பொது நீச்சல் குளத்துக்குள்ள விடாத காலம் ஒண்ணு இருந்தது, அதுக்கும் முன்னாடி கப்பல்ல அடிமையா கடல் தாண்டி கொண்டு வந்த காலம். அந்த வரலாறு தெரிஞ்சு பார்த்தா அந்த பொண்ணு தண்ணியில சும்மா மெதக்கறதே ஒரு பெரிய காரியமா தெரியும். நம்ம நாட்டுல 1927 மார்ச் 20ஆம் தேதி மகாராஷ்டிராவுல மகாத்ங்கற ஊர்ல அம்பேத்கர் குளத்துத் தண்ணியை கையில அள்ளி குடிச்சாரு, அதுக்கு முன்னாடி அந்த குளத்தை தொட எத்தனை பேருக்கு உரிமை இல்ல! நம்ம பக்கம் பெரியவங்களை கேட்டுப் பாருங்க, எந்த கெணத்துல யாரு எறைக்கலாம், யாரு தள்ளி நின்னு குடத்துல ஊத்த சொல்லி வாங்கணும்னு கதை கதையா சொல்லுவாங்க. அம்மிணி, தண்ணியை சப்ஜெக்டா எடுத்தா ஒரு கெணத்து மேட்டுல யாரு நிக்கறாங்க, யாரு நிக்கலங்கறதும் உங்க சப்ஜெக்ட் தான். அலையும் வெளிச்சமும் மட்டும் போதாது.

இந்தியாவுல யாருன்னு கேட்டா, ராம்குமார்ல இருந்து ஆரம்பிக்கலாம், 1960ல ஓவியர் எம்.எஃப். ஹுசைனோட சேர்ந்து காசிக்கு போனவரு, அதுக்கப்புறம் படித்துறையும் ஆத்தோரமும் அவர் படத்துல வந்துக்கிட்டே இருந்தது, ஆளுங்க மறைஞ்சு போனாங்க. பரேஷ் மைத்தி வாட்டர்கலர்ல கேரள காயலையும் காசியையும் வெனிஸையும் நெறைய வரைஞ்சவரு, கை வேகத்தை கத்துக்க நல்லது. கணேஷ் ஹலோய் என் மனசுக்கு இன்னும் பக்கம். 1936ல இப்ப பங்களாதேஷ்ல இருக்கற ஜமால்பூர்ல, பிரம்மபுத்திரா கரையில பிறந்து, பிரிவினைக்கு அப்புறம் 1950ல கல்கத்தா வந்தவரு. இளம் வயசுல அஜந்தா சுவரோவியங்களை நகல் எடுக்கற வேலை பார்த்தவரு. அவர் படத்துல ஒரு பச்சைத் துண்டு, ஒரு கோடு, நாலு புள்ளி, அவ்வளவு தான் இருக்கும், ஆனா வெள்ளம் வந்து வடியற வயலை மேல இருந்து பார்க்கற உணர்வு வந்துடும். விட்டுட்டு வந்த தண்ணி அது. கண் முன்னாடி இல்லாத ஆத்தை அறுபது எழுபது வருஷம் ஞாபகத்துல இருந்து வரையறாரு.

ஏ. ராமச்சந்திரன், நம்ம கேரளத்துல ஆற்றிங்கல்ல பிறந்தவரு, 2024ல காலமானாரு. உதய்பூர் பக்கம் இருக்கற தாமரைக் குளங்களை பல வருஷம் வரைஞ்சாரு. அதுல தண்ணியை தேடினா பெருசா கெடைக்காது, இலை, மொட்டு, வாடின தண்டு, வண்டு, தும்பி தான் இருக்கும், ஆனா குளம் முழுசா இருக்கும். இது நமக்கு புதுசு கெடையாதுங்க. புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் போய் மேல அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான தாமரைக் குளம் கூரையில இருக்கு, ஒன்பதாம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. மீன், வாத்து, யானை, எருமை, பூ பறிக்கற ஆளுங்க, எல்லாமே நெருக்கமா. அலை போடல, வெளிச்சம் போடல, எதிரொளிப்பு போடல. தண்ணிக்குள்ள என்னென்ன வாழுதோ அதை அடுக்கினா தண்ணி தானா வந்துடும்னு அந்த ஓவியருக்கு தெரிஞ்சிருக்கு. ஐரோப்பாக்காரங்க தண்ணியோட தோலை வரைஞ்சாங்கன்னா இவங்க தண்ணியோட குடும்பத்தை வரைஞ்சாங்க. ரெண்டையும் கத்துக்கிட்டவங்க கம்மி, உங்க தலைமுறை செய்யலாம்.

இதுக்கெல்லாம் மேல நீங்க பார்க்க வேண்டியவங்க ஒருத்தங்க இருக்காங்க, சோசா ஜோசஃப். 1971ல பம்பையாத்து கரையில பருமலயில பிறந்தவங்க, கொச்சியில இருந்து வேலை செய்யறாங்க. 2012ல கொச்சி பியன்னாலே ஆரம்பிச்சப்பவே அதுல அவங்க படம் இருந்தது, 2024ல லண்டன்ல டேவிட் ஸ்விர்னர் கேலரியில 'பெண்ணுங்கள்'ங்கற பேர்ல தனி கண்காட்சி. அவங்க படத்துல புழை தனியா ஒரு காட்சியா நிக்காது. பொம்பளைங்க, குழந்தைங்க, வாத்து, ஆடு, மழை, ராத்திரி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு கிடக்கும், யாரோட காலு எங்க முடியுது தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாது. கலரு ஊதாவும் பச்சையும் அழுக்கு மஞ்சளுமா, ஈரத்துணியை புழிஞ்ச மாதிரி. புழைக்கரையில வளர்ந்தவங்களுக்கு வெள்ளம்ங்கறது செய்தி கெடையாது, வருஷா வருஷம் வீட்டுக்குள்ள வர்ற ஒரம்பரை மாதிரி, சாமானை பரண்ல ஏத்தறதும் கோழியை தேடறதும் தான் அவங்களுக்கு தண்ணி. ஹாக்னி குளத்து கரையில நின்னு பார்த்தாரு, இவங்க தண்ணிக்குள்ள நின்னு பார்க்கறாங்க. அச்சுல பார்த்தா பாதி தான் தெரியும், எங்க நேர்ல பார்க்க கெடைச்சாலும் ரயில் ஏறி போயிடுங்க, பாலக்காட்டுல இருந்து கொச்சி ஒரு காலை பயணம் தானே.

2016 கொச்சி பியன்னாலேவுல பெயிண்டிங் இல்லாத ஒண்ணும் இருந்தது. சிலி நாட்டு கவிஞர் ராவுல் ஸுரிதா, ஆஸ்பின்வால் ஹவுஸ்ல ஒரு பெரிய கூடம் முழுக்க கடல் தண்ணியை நிரப்பி, அதுல நடந்து போய் தான் சுவத்துல இருக்கற கவிதையை படிக்கணும்னு வெச்சாரு. அகதியா கடல் தாண்டும்போது மூழ்கி செத்த ஒரு சிரியா நாட்டு சின்ன பையனுக்காக செஞ்சது. முழங்கால் கிட்ட தண்ணி, துணி நனையுது, எதிர்ல வரி வரியா எழுத்து. படம் வரையறவங்களுக்கு அதுல ஒரு பாடம் இருக்கு, தண்ணியை பார்க்கறது வேற, தண்ணி நம்மளை தொடறது வேற.

அச்சுதன் கூடல்லூர் பேரையும் சொல்லணும், 2022ல சென்னையில காலமானாரு, அப்ஸ்ட்ராக்ட் பெயிண்டர். அவரோட ஊரு கூடல்லூர் பாரதப்புழை கரை. அவர் படத்துல ஆத்தை தேடாதீங்க, அங்க கலர் தான் பேசும். ஆனா நம்ம சித்தூர் புழை போய் சேர்ற அதே தண்ணி தான் அவரு ஊர் வழியா போகுது, அது தெரிஞ்ச பிறகு எனக்கு அவர் படம் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது, இது என் சொந்த எண்ணம் தான்.

இதுல இருந்து தான் உங்க புராஜெக்டுக்கு வர்றேன். நம்ம புழை ஆனைமலையில பொறந்து, பொள்ளாச்சி பக்கம் ஆழியாறா வந்து, பார்டர் தாண்டி சித்தூர்ல சோகநாசினின்னு பேரு வாங்கி, பாரதப்புழையில சேர்ந்து பொன்னானியில கடலுக்கு போகுது. பாரதப்புழை மொத்தம் 209 கிலோமீட்டர், கேரளத்துல பெரியாறுக்கு அடுத்த நீளமான ஆறு. ஆனா வருஷத்துல பாதி நாள் நீங்க பாலத்துல நின்னு பார்த்தா என்ன தெரியுது? மணல் கூட கம்மி தான், அள்ளிட்டு போயிட்டாங்க, புல்லும் புதரும் முளைச்சு நடுவுல ஒரு கோடு தண்ணி. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவுல பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி ஒப்பந்தம் 1970ல கையெழுத்தாச்சு, வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணைக்கட்டு வழியா நமக்கு வரணும். அந்த ஒரு எண்ணு எங்கப்பாவுக்கு மனப்பாடம். இந்த பக்கம் சித்தூர்லயும் எங்க ஒரம்பரைங்க, அந்த பக்கம் பொள்ளாச்சியிலயும் எங்க ஒரம்பரைங்க, தண்ணி வரலன்னா கல்யாண வீட்டுல கூட பேச்சு அதுல தான் போய் நிக்கும், ரெண்டு பக்கமும் வயல் காய்ஞ்சு தான் கெடக்கும்.

நான் சின்ன வயசுல பார்த்த தண்ணின்னா அது காத்திருக்கற தண்ணி. ரெண்டாம் பயிருக்கு நாத்து நட்டுட்டு எங்கப்பா தெனமும் வெடிய எந்திரிச்சு வாய்க்காலை போய் எட்டிப் பார்த்துட்டு வருவாரு, வந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நாங்களும் கேக்க மாட்டோம். இதை நான் இன்னும் சரியா வரைஞ்சதில்ல. வெறும் வாய்க்கால், அதுல வெடிச்ச சேறு, குனிஞ்சு பார்க்கற ஒரு ஆளோட முதுகு. தண்ணி ஒரு சொட்டு கூட இருக்காது, ஆனா அது தண்ணி படம் தான். நான் மேல சொன்னவங்கள்ல பெரும்பாலும் தண்ணி இருக்கற ஊர்க்காரங்க, கடலோ குளமோ கண் முன்னாடி நிரம்பி இருந்தது. வராத தண்ணியை வரையற வேலை நம்ம மாதிரி மழை மறைவு பிரதேச ஆளுங்களுக்கு தான் மிச்சம் இருக்கு. உங்க புராஜெக்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் குளம் வேண்டாம் அம்மிணி, நீல பெயிண்டை ஒரு மாசம் டப்பாவுக்குள்ளயே வெச்சிடுங்க.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் கனத்துல, சொரசொரப்பானது வாங்குங்க, காட்டன் பேப்பரா இருந்தா ஒண்ணு ரெண்டு ஷீட்டு போதும், மத்தது சாதாரணத்துல பழகுங்க. மினுக்கறதுக்கு வெள்ளை பெயிண்ட் தொடாதீங்க, பிரஷ்ஷை நல்லா ஒத்தி எடுத்து, சாய்ச்சு புடிச்சு வேகமா ஒரே இழுப்பு, பேப்பர் மேடு மட்டும் கலரை புடிச்சுக்கும், பள்ளம் வெள்ளையா நிக்கும், அது தான் வெயில்ல மினுக்கற தண்ணி. வெட் ஆன் வெட், அதாவது ஈர பேப்பர் மேல ஈர கலர், செய்யறப்போ நம்ம பாலக்காட்டு கணவாய் காத்து மார்கழி தை மாசத்துல பேப்பரை ரெண்டு நிமிஷத்துல காய வெச்சிடும், அதனால பின்பக்கமும் நனைச்சு ஒரு பிளாஸ்டிக் ஷீட் மேல ஒட்டிக்குங்க.

ஒரே எடத்தை எடுத்துக்குங்க, ஒரு மதகு போதும், வாரத்துக்கு ஒரு நாள்னு நாலு மாசம் போய் வரைங்க. முக்கியமா, தண்ணி தெறந்து விடற நாளை விசாரிச்சு வெச்சுக்கிட்டு அன்னைக்கு மூலத்தறை பக்கம் கரை மேல நில்லுங்க, ஆத்துக்குள்ள எறங்காதீங்க, சத்தம் கேட்ட பிறகு ஏற நேரம் இருக்காது. தண்ணியோட முன்நுனியை பாருங்க. அது தண்ணியாவே இருக்காது, காய்ஞ்ச இலை, நுரை, தேங்கா மட்டை, செருப்பு, எறும்பு கூட்டம் எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு ஒரு பழுப்பு உதடு மாதிரி நகர்ந்து வரும், முன்னாடி இருக்கற மணலு முதல்ல கறுத்துப் போகும், அப்புறம் தான் தண்ணி மேல ஏறும். ரெண்டு மூணு நிமிஷம் தான் உங்களுக்கு கெடைக்கும், அதனால கலர் எடுக்க வேண்டாம், மெத்தையான 6பி பென்சில் போதும். சாரல் தெறிக்கும், ஸ்கெட்ச் புக்குக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக்குங்க.